பதினெட்டுப் பென்ஸ்

நாணய மாற்று விகிதம் என்பது பாங்கிக்காரர்களும் ஏற்றுமதி வர்த்தகர்களும் மட்டுமே கவனிக்கத்தக்க விஷயம் என்று நம்மவரில் பலர் கருதுகின்றனர். இது பெரும் பிழையாகும். பிரிட்டிஷ் ஆட்சியில் சங்கரன்கோவில் தாலுகாவின் கரிசற் காடுகளில் பருத்தி விதைத்த குடியானவன் லண்டன் மாநகரைக் கண்டவனல்லன். ஆயினும், அவன் பருத்திக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதை மழையும் மண்ணும் மட்டும் நிர்ணயிக்கவில்லை. ஷில்லிங்கும் பென்ஸும் சேர்ந்தே நிர்ணயித்தன. அவ்வரலாற்றைப் பொதுத் தொண்டில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நமது ரூபாய் வெள்ளி நாணயம்; இங்கிலாந்தின் பவுன் தங்க நாணயம். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங் கிடைத்தது. அதாவது ஒரு பவுனுக்குச் சுமார் 10 ரூபாய். ஜெர்மனி முதலிய தேசங்கள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறவே, வெள்ளியின் விலை சரிந்தது. 1892-93-இல் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. இந்திய சர்க்கார் கலங்கியது. ரயில்வேக் கடனின் வட்டி, ராணுவச் செலவு, வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் பென்ஷன் இவற்றுக்காக ஆண்டுதோறும் லண்டனில் பவுனாகச் செலுத்த வேண்டிய 'ஹோம் சார்ஜஸ்' என்னும் தொகை, ரூபாய்க் கணக்கில் வளர்ந்துகொண்டே போனதுதான் காரணம். ஆகவே, வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமை 1893 ஜூனில் பொதுமக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ரூபாய் அருமையாயிற்று, மதிப்பு ஏறிற்று. 1899-இல் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுனுக்கு 15 ரூபாய், என்ற விகிதம் உறுதியாயிற்று.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளியின் விலை உயர, இவ்விகிதம் குலைந்தது. 1920-இல் சர்க்கார் ரூபாயை 2 ஷில்லிங் தங்கத்தில் நிறுத்த முயன்றது. இதற்கு யோசனை கூறிய கமிட்டியில் இருந்த ஒரே இந்தியரான தாதிபா தலால், 1 ஷில்லிங் 4 பென்ஸே தகும் என்று தனியாக எழுதிவைத்தார். அவர் சொல் ஏறவில்லை. அந்த விகிதத்தைக் காப்பாற்றச் சுமார் 5½ கோடிப் பவுனுக்கு லண்டன் உண்டியல்களை விற்றும், அதே ஆண்டு செப்டம்பரில் சர்க்கார் தோல்வியை ஒப்புக்கொண்டது. நஷ்டம் இந்திய கஜானாவைச் சார்ந்தது.

பின்னர் வந்த ஹில்டன் யங் கமிஷன் 1926-இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று தீர்ப்புக் கூறிற்று. சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் மட்டும் மாறுபட்டார். மத்திய சட்டசபையில் கடும் வாக்குவாதம் நடந்தது. சொற்ப வாக்கு வித்தியாசத்தில் 1927-இல் அது சட்டமாயிற்று.

இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். தூத்துக்குடி வழியே கப்பலேறிய பருத்தி சீமையில் 100 பவுனுக்கு விற்றால், பழைய விகிதத்தில் 1,500 ரூபாய். புதிய விகிதத்தில் 1,333 ரூபாய் 5 அணா 4 பை. ஒன்பதில் ஒரு பங்கு மறைந்தது. ஆனால் குடியானவன் கட்டும் கிஸ்தி குறைந்ததா? கடன் பத்திரத்தில் எழுதிய அசலும் வட்டியும் குறைந்தனவா? ஓர் அணாவும் குறையவில்லை. மறுபுறம், 100 பவுன் பெறும் லங்காஷயர் துணியை அதே 1,333 ரூபாய்க்கு இறக்குமதி செய்யலாம். நமது கைத்தறி நெசவாளி அத்துணியோடு போட்டியிட வேண்டும். மாதம் 300 ரூபாய் தாய்நாட்டுக்கு அனுப்பும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தனுக்கோ, 20 பவுன் 22½ பவுனாயிற்று.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதே நியாயம். விலைவாசிகள் புதிய விகிதத்துக்கு ஏற்பச் சரிப்பட்டுவிட்டன என்றும், ஹோம் சார்ஜஸின் பளு குறையும் என்றும் சர்க்கார் தரப்பில் கூறினர். பம்பாய் ஆலை முதலாளிகள் தம் லாபத்தை உத்தேசித்தே குறைந்த விகிதம் கேட்டனர் என்பதிலும் உண்மையுண்டு. ரூபாய் மதிப்புத் தாழ்ந்து விலைகள் ஏறும்போது கூலி அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. வியாபாரியின் லாபம் கூலிக்காரனின் நஷ்டமாகும் என்று டாக்டர் அம்பேத்கர் 1920-களில் எடுத்துரைத்தார். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. எந்த விகிதமும் எல்லோருக்கும் நன்மை செய்யாது. அதனாலேயே, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முதற் கேள்வியாகிறது.

காந்தியடிகள் 1930 ஜனவரியில் வைஸ்ராய் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் 1 ஷில்லிங் 4 பென்ஸும் ஒன்று. உப்பு வரிக்கும் நிலவரிக்கும் பக்கத்தில் இதற்கும் அவர் இடம் கொடுத்தது தற்செயலன்று. கோரிக்கை நிறைவேறவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டபோதும், ரூபாய் அதே 18 பென்ஸில் ஸ்டெர்லிங்கோடு பிணைக்கப்பட்டது. விளைபொருள்களின் விலை வீழ்ந்து கிடந்த அக்காலத்தில், கிராமத்து வீடுகளின் நகைகள் பொற்கட்டிகளாகிக் கப்பலேறின.

சுதந்திரம் வந்த பின்னரும் அவ்விகிதம் போகவில்லை என்பது பலர் மறந்த செய்தி. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு டாலருக்கு எதிராகக் குறைக்கப்பட்டபோது, இந்தியாவும் உடன் சென்றது. 18 பென்ஸ் அப்படியே நின்றது. 1966 ஜூன் 6-ஆம் தேதிதான் பவுன் 13⅓ ரூபாயிலிருந்து 21 ரூபாயாயிற்று. உலக பாங்கியும் அமெரிக்காவும் அதற்கு வற்புறுத்தின. 1975-இல் ஸ்டெர்லிங் பிணைப்பே அறுந்தது.

இன்று ஒரு பவுனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைத் தேசத்தின் மானபங்கம் என்று புலம்புவோரும் உளர். ஏற்றுமதிக்கு நல்லது என்று மகிழ்வோரும் உளர். இரண்டும் அரைகுறைப் பார்வையே. 18 பென்ஸ் காலத்தில் ரூபாய் உயர்ந்து நின்றது. கரிசற் காட்டுக் குடியானவன் தாழ்ந்து கிடந்தான். விகிதம் மாறும்போதெல்லாம், இதனால் யார் பெட்டி நிறைகிறது, யார் தலையில் சுமை ஏறுகிறது, சுமப்பவனை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று விசாரிப்பதே மக்கட் பிரதிநிதிகளின் கடமை. அன்று கேட்க உரிமை இல்லை, இன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதிருப்பதற்கு நாம் எவரையும் குறைகூற முடியாது.