பறை கடல் கடக்கையில்: சுங்கமும் சிறு விற்பனையாளரும்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலவமைப்புகள்' என்ற தலைப்பில் ஏற்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. அதிலிருந்து 45ஆம் நாள், ஆகஸ்டு 25 அன்று, அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. ஊரின் பெயர் உலகின் கண்ணில் பட்ட அதே பருவத்தில், அவ்வூரின் கைத்தொழிலாளர் ஒருவர் தம் பொருளை உலகுக்கு அனுப்பக்கூடிய மலிவான வழி அடைபட்டது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இரண்டாவது நிகழ்வு, பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. இணைய விற்பனை தலித் உற்பத்தியாளருக்கு ஒரு வாக்குறுதியை அளித்தது: வாங்குபவர் சாதி கேட்பதில்லை, இடைத்தரகர் தேவையில்லை, செய்தவரின் பெயரிலேயே பொருள் விற்கும். சுங்க விதிகளும் அவற்றைச் சுற்றியுள்ள கட்டணங்களும் அந்த வாக்குறுதியை எவ்வாறு உள்ளிருந்து அரிக்கின்றன என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

ஒரு பறையின் கணக்கு

செஞ்சி வட்டத்தின் ஒரு காலனியில் வாழும் பறைக் கலைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் தாமே பறை கட்டுகிறார்; படமெடுத்து இணையத்தில் இடுகிறார். நியூஜெர்சியில் பறை பயிலும் தமிழர் ஒருவர் 6,000 ரூபாய்க்கு ஒன்று கேட்கிறார்.

2025 ஆகஸ்டு 28 வரை அமெரிக்கச் சட்டம் 800 டாலருக்கு உட்பட்ட பொருட்களைச் சுங்க வரியின்றி அனுமதித்தது. நம் கலைஞரின் பறைக்கு அங்கே வரி எதுவும் இல்லை. ஜூலை 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணையின்படி, ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அச்சலுகை நீக்கப்பட்டது. இதற்கிடையே, ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 50 விழுக்காடாக உயர்ந்திருந்தது. யார் வரியை வசூலிப்பது, எவ்வாறு அமெரிக்கச் சுங்கத் துறையிடம் சேர்ப்பது என்பது தெளிவாகாத நிலையில், விமான நிறுவனங்கள் அஞ்சல் சரக்கை ஏற்க மறுத்தன. முதலில் கடிதங்களுக்கும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. ஆகஸ்டு இறுதியில் அதுவும் நின்றது.

அக்டோபர் 15 அன்றுதான் சேவை மீண்டும் தொடங்கியது. நவராத்திரிக் காலம் முழுவதும் கடந்துவிட்டது. தீபாவளிக்கு ஐந்து நாட்களே இருந்தன. புதிய ஏற்பாட்டின்படி, அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 விழுக்காட்டை அனுப்புபவரிடமிருந்து பதிவு செய்யும்போதே அஞ்சல் துறை வசூலித்து, அமெரிக்கச் சுங்கத்திடம் சேர்த்தது. 6,000 ரூபாய்ப் பறைக்கு 3,000 ரூபாய் வரி. அஞ்சல் கட்டணம் தனி. விகிதங்கள் அதன்பின்னும் நிலையாக இருக்கவில்லை. அனுப்பும் நாளில் நடப்பு விகிதத்தைக் கேட்டறிவது இன்று தவிர்க்க முடியாத முதல் வேலை. ஆயினும் அந்த அக்டோபர்க் கணக்கு ஓர் அடிப்படை உண்மையைக் காட்டுகிறது.

அதே பறைகளைக் கலைஞர்களிடமிருந்து வாங்கி, மொத்தமாகக் கப்பலில் அனுப்பி, அமெரிக்கக் கிடங்கில் வைத்து விற்கும் வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சுங்க வரி பொதுவாக இறக்குமதியின்போது கைமாறும் விலையின் மீது கணக்கிடப்படுகிறது. மொத்த விலை 3,000 ரூபாய் எனில், அதே 50 விழுக்காட்டில் அவருக்கு வரி 1,500 ரூபாய். நேரடியாகப் பயனாளருக்கு அனுப்பும் கலைஞருக்கோ சில்லறை விலையின் மீது 3,000 ரூபாய். பறை ஒன்றே, விகிதம் ஒன்றே. செய்தவர் தாமே விற்றால் இருமடங்கு வரி. விதியின் எந்த வரியிலும் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் முதலும் கிடங்கும் யாரிடம் உள்ளன என்பதைச் சாதி ஏற்கெனவே பெருமளவு தீர்மானித்துவிட்ட சமூகத்தில், அவ்விதி எங்கே போய் விழும் என்பது வெளிப்படை.

அமெரிக்கா மட்டுமன்று

ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பொருட்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. 150 யூரோ வரையிலான பொருட்களுக்கு விற்பனையின்போதே வரியைச் செலுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. ஆனால் இந்தியாவிலிருந்து விற்பவர் அதில் சேர ஐரோப்பாவில் பதிவுபெற்ற இடையீட்டாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையிலுள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு விதியோ, பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் ஐரோப்பாவில் இருக்க வேண்டும் என்கிறது. இவ்விருவருக்கும் தர வேண்டிய கட்டணம், பத்துப் பறை விற்பவருக்கும் பத்தாயிரம் விற்பவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. கனடாவிலோ, இங்கிருந்து அஞ்சலில் செல்லும் பொருளுக்கான வரியில்லா வரம்பு 20 கனடிய டாலர் மட்டுமே.

சிறியவரைக் காக்கும் விதியை எழுதவே முடியாதா? முடியும். ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட இறக்குமதிகளுக்கும் தன் சரக்கு சேவை வரியை விதித்தது. ஆனால் அந்நாட்டில் ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் குறைவாக விற்பவர் அவ்வரியைப் பதிந்து வசூலிக்க வேண்டியதில்லை என்று வரம்பிட்டது. பெருவணிகத்திடம் வரி, சிறுவருக்கு விலக்கு என்ற வேறுபாட்டை ஒரு சட்டம் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அதே ஆஸ்திரேலியா பறைக்கு வேறொரு கதவைக் காட்டுகிறது. பதனிடப்படாத தோலும் மரமும் சேர்ந்த பொருள் என்பதால், கடுமையான உயிரிப் பாதுகாப்புச் சோதனையை அது எதிர்கொள்ள நேரும். எந்த விலங்கின் தோல், எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பவற்றுக்கு ஆவணமில்லையெனில் பொருள் தேங்கலாம், திருப்பப்படலாம், அழிக்கவும்படலாம். இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்தது நம் இயக்கங்களின் உழைப்பு. அப்பறை அயல்நாட்டு மேடைகளில் ஒலிக்கும் காலத்தில், அதைச் செய்தவரின் கை அங்கே எட்டுவதைத் தடுப்பது ஒரு துண்டுத் தாளாக இருக்கக்கூடாது.

நம் நாட்டின் தாள்கள்

அயல்நாட்டின் வரிக்கு நம் அரசமைப்புச் சட்டம் கட்டுப்பாடு விதிக்க இயலாது. நம் அரசின் விதிகளுக்கு விதிக்க இயலும்; ஆகவே அவற்றைக் கூர்ந்து பார்ப்போம்.

1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டப்படி ஏற்றுமதியாளருக்கு ஐ.இ.சி. எண் வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் எண் முடக்கப்படும். அடுத்தது ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிய வேண்டியதில்லை. ஏற்றுமதியைச் சட்டம் மாநிலங்களுக்கு இடையேயான விற்பனையாகக் கருதுகிறது; அத்தகைய விற்பனைக்கு, அளவு எதுவாயினும், மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்குகிறது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. ஏற்றுமதிக்கு வரி சுழியம் என்றாலும், விற்பனையே நடவாத காலத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரே ஒரு பறை விற்று, பின்னர் ஆறு மாதம் விற்காதவருக்கு இக்கட்டணமே கடனாக வளரும்.

நல்ல மாற்றங்களையும் சொல்லியாக வேண்டும். 2022 முதல் அஞ்சலகங்களில் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்னும் ஏற்றுமதி மையங்கள் தொடங்கப்பட்டு, இன்று நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இயங்குகின்றன. சுங்க ஆவணத்தை இணைய வழியே பதியும் முறை 2022 டிசம்பரில் விதியானது. பெரிய ஏற்றுமதியாளர் நெடுங்காலமாகப் பெற்றுவந்த வரித்தள்ளுபடித் திட்டங்கள் மின்னணு அஞ்சல் ஏற்றுமதிக்கு 2026 ஜனவரியில் நீட்டிக்கப்பட்டன. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஏற்றுமதிகளுக்கு, பணம் வந்துவிட்டது என்ற ஏற்றுமதியாளரின் உறுதிமொழியின் பேரில் கணக்கை முடிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இவையெல்லாம் இருந்தும், தெரிந்தவருக்கே இவை பயன்படுகின்றன. ஆடிட்டர் வைத்திருப்பவருக்கு அவை வசதி; இல்லாதவருக்கு அவை இருப்பதே தெரியாது.

'அன்பளிப்பு' என்னும் பொறி

இத்தனை தாள்களையும் கண்டு அஞ்சும் விற்பனையாளருக்கு யாரேனும் ஒரு குறுக்குவழி சொல்வது வழக்கம்: 'அன்பளிப்பு என்று எழுதிவிடுங்கள், மதிப்பைக் குறைத்துப் போடுங்கள்.' இது பேராபத்து. தெரிந்தே பொய்யான விவரம் தருபவருக்குப் பொருளின் மதிப்பில் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்க 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 114ஏ.ஏ. பிரிவு இடமளிக்கிறது. அறிவுரை சொன்னவர் நோட்டீசில் இருக்கமாட்டார், கையொப்பமிட்டவர் இருப்பார்.

உண்மையான விவரம் தந்தும் பொருள் நம் நாட்டுச் சுங்கத்தில் தடுக்கப்பட்டால் சட்டம் நமக்குச் சில உரிமைகளை உறுதிசெய்கிறது. பொருளைப் பறிமுதல் செய்வதற்கு முன் 124ஆம் பிரிவின்படி காரணம் கேட்டு அறிவிப்பு தர வேண்டும். விளக்கமளிக்க வாய்ப்பும் தர வேண்டும். கைப்பற்றிய ஆறு மாதங்களுக்குள் அந்த அறிவிப்பு வராவிடில், உரிய கால நீட்டிப்பு இல்லாத நிலையில், பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 110(2). ஆணை பாதகமாக இருந்தால் அது கிடைத்த 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் 128ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விதிக்கப்பட்ட தொகையில் 7.5 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டியாக வேண்டும். நீதியின் வாசலிலும் ஒரு சுங்கச் சாவடி இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

மீண்டும் தரகரிடமா?

செஞ்சிக்குக் கடல் வணிகம் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரின் அனுமதியுடன் டச்சுக்காரர் கடலூர்க் கரையில் வணிகம் தொடங்கினர். 1690இல், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அக்கரையிலிருந்து உலகெங்கும் சென்ற துணியை நெய்தவர்கள் தரகரிடம் முன்பணம் வாங்கி, தரகர் கேட்டதை நெய்து, தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்தனர். துணி கடல் கடந்தது. நெய்தவரின் பெயர் கடக்கவில்லை.

இன்றைய விதிகள் உருவாக்கும் அழுத்தமும் அதே திசையில்தான் தள்ளுகிறது. தாள்களும் வரியும் தாமதமும் தாங்காத கலைஞர், ஐ.இ.சி. எண் வைத்திருக்கும் வணிகரிடம் பாதி விலைக்குப் பறையைக் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறார். இணையம் விலக்கிய தரகரைச் சுங்கம் திரும்ப அழைத்து வருகிறது.

சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் சமத்துவ மறுப்பே என்பது அரசமைப்பின் 14ஆம் உறுப்பு குறித்து நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பொருளாதார நலனைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது, வரவேற்கிறோம். ஆனால் அது தொழில் தொடங்க உதவும் பணம். பொருளை எல்லை கடத்தும் செலவுக்கும், தடுக்கப்பட்ட ஏழு வாரத்தின் இழப்புக்கும் அதில் பதில் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஆண்டுக்கு ஒரு வரம்புக்குட்பட்டு ஏற்றுமதி செய்வோருக்கு, பொருள் எதுவாயினும், கட்டாய ஜி.எஸ்.டி. பதிவிலிருந்து விலக்கு வேண்டும். தாட்கோ மூலம், பலர் சேர்ந்து ஒரே பதிவின் கீழ், ஆனால் தத்தம் பெயரில் விற்கும் கூட்டுறவு ஏற்றுமதி அமைப்புகள் வேண்டும். மொத்தமாக அனுப்பும் வணிகருக்கு வாய்த்த கிடங்கும் குறைந்த வரி மதிப்பும் அதன்வழி கலைஞருக்கும் வாய்க்கும். ஏற்றுமதிப் படிவங்களும் உதவியும் தமிழில் வேண்டும். 2025இல் நேர்ந்தது போன்ற திடீர் நிறுத்தங்களின்போது சிறு விற்பனையாளருக்கு இழப்பீடு வேண்டும்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இணையத்தில் விற்கும் கைத்தொழிலாளர் யார் யார் என்று கேட்டறியுங்கள். ஐ.இ.சி. பதிவுக்கும் அஞ்சல் ஏற்றுமதிப் படிவத்துக்கும் அருகில் அமர்ந்து உதவுங்கள். தடுக்கப்பட்ட ஒவ்வொரு பார்சலின் நாள், மதிப்பு, கட்டணம், தரப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த வழக்குக்கும் அடுத்த கோரிக்கை மனுவுக்கும் அந்த ஏடுதான் நமக்கு முதல் சாட்சி.