பச்சைத் தேயிலையும் புற்றுநோயும்

பச்சைத் தேயிலை புற்றுநோயைப் போக்கும், நோயெதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று ஓயாமல் விளம்பரம் செய்யப்படுவதை நமது வாசகர்கள் கண்டிருப்பார்கள். வியாதியால் வருந்துவோர் எதையும் நம்ப விழைவது இயற்கை. அந்நம்பிக்கையை விலைபேசுவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலையை விரைவில் ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கினால், அதிலுள்ள காட்டெச்சின் என்னும் துவர்ப்புச் சத்துக்கள் பெரும்பாலும் மாறாமல் நிற்கின்றன. 1929-ஆம் வருஷத்தில் ஜப்பானில் மிச்சியோ ஸுஜிமுரா என்ற மாதரசி இலையினின்று காட்டெச்சினைப் பிரித்தெடுத்தார். விவசாய சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணி அவரே. பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்போர் இதைக் கவனிப்பாராக.

இச்சத்துக்களில் தலைமையானது ஈ.ஜி.ஸி.ஜி. எனப்படுவது. கண்ணாடிக் குழாயில் புற்றணுக்களோடு இதைச் சேர்த்தால் அவற்றின் பெருக்கம் குறைகிறது. ஆனால் தேநீர் பருகியவரின் இரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பம். குழாயில் கண்டதைத் தேகத்தில் கண்டதாகக் கூறுவதே விளம்பரக்காரரின் தந்திரம். 2003-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், தேயிலையின் தியானின் என்ற சத்து வெள்ளணுக்களில் ஒரு வகையைக் கிருமிகளை எதிர்க்கத் தயார் செய்வதாகக் கண்டனர். சோதிக்கப்பட்டவர் சிலரே, தியானினோ கறுப்புத் தேயிலையிலும் உண்டு!

2020-ல் காக்ரேன் குழுவினர் 11 லட்சம் பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய 142 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தனர். பச்சைத் தேநீர் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஒருமித்த சாட்சியம் அகப்படவில்லை. மேற்பூச்சாக ஒரு வெற்றி உண்டென்பதை மறைக்க மாட்டோம்: மறைவிடத்து மருக்களுக்கு இச்சத்துக்களாலான களிம்பை அமெரிக்க சர்க்கார் 2006-ல் அங்கீகரித்தது.

தேநீரால் பெருந்தீங்கில்லை. சத்தைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளே நமது கவலை. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.ஸி.ஜி. உட்கொண்டோரிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2018-ல் அறிவித்தது. இதனினும் கொடியது வேறொன்று. எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு அளிக்கப்படும் போர்டெஸோமிப் என்ற மருந்தை ஈ.ஜி.ஸி.ஜி. பற்றிக்கொண்டு பயனற்றதாக்குவதை 2009-ல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்திலும் கண்டனர். உயிர்காக்க உண்ணும் மாத்திரை, உயிர்காக்கும் மருந்தையே முறிக்கக்கூடும்! சிகிச்சை பெறுவோர் இதை வைத்தியரிடம் மறைக்கலாகாது.

இத்தகைய மாத்திரைப் புட்டிகளின்மேல் சத்தின் அளவையும், கல்லீரலைப் பற்றிய எச்சரிக்கையையும், மருந்துகளோடு சேர்வதால் வரும் கேட்டையும் தமிழில் தெளிவாக அச்சிடும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டுமென நாம் கோருகிறோம்.