இருப்புச் செல்வமும் ஊற்றுச் செல்வமும்
(பெரம்பலூர், அரியலூர் மண்ணின் தற்சார்பு குறித்து)

ஓர் ஊர் தற்சார்புடன் வாழ்வதென்பது, எல்லாப் பொருளையும் அவ்வூரே விளைவித்துக்கொள்வது என்று பொருள்படாது. உப்பு விளையாத ஊரும் இரும்பு கிடைக்காத ஊரும் கொண்டும் கொடுத்துமே வாழ்ந்து வந்துள்ளன. நீர், உணவு, விதை, வேலை ஆகிய அடிப்படைத் தேவைகளுக்குப் பிறர் கையை எதிர்பார்க்காத நிலையே தற்சார்பு எனப்படும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்நிலையை எய்தும் வழிகளை இங்குக் காண்போம்.

இருவகைச் செல்வம்

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, காந்தியடிகளின் கிராமத் தொழில் பணிகளுக்குத் துணைநின்றவர். அவர் தமது 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் ஆங்கில நூலில் இயற்கை வளங்களை இருவகையாகப் பகுத்தார். நிலக்கரி, எண்ணெய், கனிமம் போல எடுக்க எடுக்கக் குறைவன ஒருவகை. காடு, பயிர் போல ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவன மற்றொரு வகை. முன்னதை இருப்புச் செல்வம் என்றும், பின்னதை ஊற்றுச் செல்வம் என்றும் நாம் வழங்கலாம்.

இப்பாகுபாட்டிற்கு அரியலூரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு காண்பது அரிது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் சூழ்ந்திருந்த நிலம் இது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அப்பழங்காலத்தின் சான்றாகும். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். ஆலைகள் வேலை தந்தன, சாலைகள் வந்தன. ஆயினும், வெட்டிய சுண்ணாம்புக்கல் மீண்டும் விளையாது. கல் தீர்ந்தபின் எஞ்சுவது குழியே.

வெளிநாட்டு வருவாயும் ஒருவகையில் இருப்புச் செல்வமே. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் பலர். அவ்வருவாய் உழைக்கும் வயது உள்ளவரை வரும்; அதன்பின் நிற்கும். ஆகவே, தீரும் செல்வத்தைக் கொண்டு தீராத செல்வத்தை உண்டாக்குவது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

நீர்

வற்றாத ஆறு பெரம்பலூருக்கு இல்லை. மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். அதே ஆற்றில் 1956 நவம்பரில் பெருகிய வெள்ளம் அரியலூர் அருகே பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை இல்லாத நாடன்று நம் நாடு. வந்த மழையை நிறுத்தி வைக்காத நாடு என்பதே பொருந்தும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம், வெற்றியின் நினைவாக நீரையே நிறுத்தி வைத்த ஏரியாகும். ஏரியைக் காக்க ஊர்ச்சபைகளில் ஏரிவாரியம் இருந்தது. பராமரிப்புச் செலவுக்கு ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கப்பட்டது. நிலத்தை விற்காமல் அதன் விளைச்சலை மட்டும் செலவிடுதல் என்பதே அதன் நெறி. முதலை நிறுத்திப் பயனை அறத்திற்கு வழங்கும் வக்ஃபு முறையும் இந்நெறியை ஒத்ததே என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

கரையைச் செப்பனிட ஊரார் கூடி உழைத்த குடிமராமத்தை, 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அரசின் கட்டளையாக மாற்றியது. பிற்காலத்தில் ஏரி அரசினுடையது என்ற எண்ணம் வேரூன்றியது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, ஆயக்கட்டு விவசாயிகளின் பங்களிப்பையும் அதில் சேர்த்தது. பங்களித்தவன் கேள்வி கேட்பான் என்பதே அதன் பயன்.

ஏரி காக்கப்பட்டால் யாது விளையும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி சான்றாகும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீர் பெறும் இவ்வேரி சுமார் 454 ஹெக்டேர் பரப்புடையது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் தகுதியும் பெற்றது. இமயம் கடந்து வரும் வரித்தலை வாத்துக்கும் அதுவே புகலிடம். சுற்றுப்புற வயல்களுக்கும் கிணறுகளுக்கும் அதுவே நீர்நிலை.

ஏரி இல்லாதவர்க்கும் கூரை உண்டு. தமிழகத்தில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது 80,000 லிட்டர் நீர். பாதி வீணானாலும் எஞ்சுவது 40,000 லிட்டர்.

விளைச்சல்

சின்ன வெங்காயத்தில் தமிழகத்தின் முன்னணி மாவட்டம் பெரம்பலூர். அறுவடைக் காலத்தில் வரத்துப் பெருகி விலை வீழ்வதும், விதைப்புக் காலத்தில் விதை வெங்காயம் எட்டா விலைக்கு ஏறுவதும் உழவர்க்குப் பழகிய துன்பம். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு பட்டறை. தரையிலிருந்து உயர்த்திய தளத்தின்மீது, காற்றோட்டமுள்ள தட்டிகளுக்கிடையே, கூரையின்கீழ் வெங்காயத்தைச் சேமித்தால் சில மாதங்கள் கெடாது. மின்சாரம் வேண்டாத இக்கிடங்கு உழவனுக்கு அளிப்பது காத்திருக்கும் ஆற்றல்.

தனியொருவர் காத்திருப்பதினும் பலர் கூடிக் காத்திருப்பது வலிமை. 2017-18-இல் தமிழகத்தில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 உழவர் கொண்ட குழுவிற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அத்தகைய குழுக்கள் இணைந்து உற்பத்தியாளர் நிறுவனமாகலாம். பட்டறையும் விதையும் பொதுவானால் விலையும் ஓரளவு கைக்குள் வரும்.

முன்னோடிகள்

ஊர் கூடினால் மின்சாரமும் விளைவிக்கலாம் என்று காட்டியது கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி. தன் சேமிப்புடன் வங்கிக் கடனும் சேர்த்து, 2006-இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை அது சொந்தமாக்கிக்கொண்டது. ஊர்த் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. அதே 2006-இல் இங்கிலாந்தின் டோட்னஸ் என்னும் சிற்றூரில், எண்ணெய் குறையும் காலத்திற்கு ஊரை ஆயத்தப்படுத்தும் இயக்கம் தோன்றிப் பல நாடுகளில் பரவியது. எண்ணெய் தீருமுன் அவ்வூர் எண்ணியதைச் சுண்ணாம்புக்கல் தீருமுன் நாம் எண்ணல் வேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவது: 2015-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, சுரங்கக் குத்தகையாளர் உரிமத்தொகையோடு ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அந்நிதி குளத்திற்கும் குடிநீருக்கும் செல்கிறதா எனக் கிராம சபையில் வினவுவது நம் உரிமை. இருப்புச் செல்வம் ஊற்றுச் செல்வமாக மாறும் சட்டவழி இதுவே.

இரண்டாவது: வெளிநாட்டு வருவாயில் ஒரு சிறு பங்கு பொதுக்கிணறு, பட்டறை, உழவர் நிறுவனப் பங்கு ஆகியவற்றில் ஊன்றப்படல் வேண்டும்.

மூன்றாவது: கல்லூரி மாணவர் தத்தம் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு, கரை ஆகியவற்றைக் கண்டு வரைபடமாக்குதல் வேண்டும். அப்படம் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் வைக்கப்படின், பேச்சு செயலாக மாறும். ஏரியின் எல்லையை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்; அவர் அறிவும் ஒருவகை இருப்புச் செல்வமே. கேட்டு எழுதிக்கொள்ளாவிடில் அதுவும் தீர்ந்துவிடும்.

நிலத்தின் அடியில் உள்ளதை ஒரு தலைமுறை எடுத்து முடிக்கலாம். நிலத்தின் மேல் பெய்வதையோ எல்லாத் தலைமுறையும் பகிர்ந்துகொள்ளலாம். கரையைக் காக்கும் கைகள் கூடுமாயின் பெரம்பலூரும் அரியலூரும் தற்சார்புடன் தழைக்கும் என்பது உறுதி.