வாக்கியம் முடியும் முன்பே

நெமிலி பேருந்து நிறுத்தத்தில் மாலை நேரத்தில் நின்றால், ஒரு பெண்ணுக்கும் அங்குள்ள கடைக்காரருக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:

“அண்ணா, அரக்கோணம் பஸ்ஸு இன்னும்...”

“இப்பத்தாம்மா போச்சு. அடுத்தது வர அரை மணி ஆவும்.”

“ஐயோ, எனக்கு ஆறு மணி டிரெயினு...”

“ஷேர் ஆட்டோ நிக்குது பாரு, ஓடு ஓடு.”

அந்தப் பெண் தொடங்கிய இரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூட முடியவில்லை. இரண்டு முறையும் கடைக்காரர் குறுக்கே புகுந்துவிட்டார். ஆனால் வேண்டிய தகவல் முழுதாகக் கிடைத்துவிட்டது. யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை. இதையே ஓர் அலுவலகத்தில் மேலாளர் ஊழியரிடம் செய்தால் ஊழியர் வீடு போய்ச் சேரும்வரை மனத்தில் அது முள்ளாகக் குத்தும். குறுக்கே பேசுவது என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் செயலுக்குள் பல வேறு செயல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க மொழியியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒலிப்பதிவுகளை நொடியின் பகுதிகளாக நறுக்கிக் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பெரிய வியப்பு, நாம் குறுக்கிடுகிறோம் என்பதில் இல்லை. இவ்வளவு குறைவாகக் குறுக்கிடுகிறோமே என்பதில்தான் இருக்கிறது.

2009இல் தான்யா ஸ்டைவர்ஸ், ஸ்டீஃபன் லெவின்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உலகின் பத்து மொழிகளில் அன்றாட உரையாடல்களை அளந்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று முடிந்ததும் பதில் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? பத்து மொழிகளையும் சேர்த்தால் சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானிய மொழியில் 7 மில்லிநொடி, டென்மார்க்கின் டேனிஷ் மொழியில் 469. மிக மெதுவான மொழியில்கூட இடைவெளி அரை நொடியைத் தொடவில்லை. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகச் சொல்லிவைத்தது தொல்காப்பியம். உலகத்தார் ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கும் இடைவெளியும் அந்த அளவை ஒட்டியே இருக்கிறது.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒருவரிடம் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், படம் தெரிந்த கணத்திலிருந்து வாய் திறக்க ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆகிறது. சொல்லைத் தேடி, ஒலிகளை அடுக்கி, நாவுக்கும் உதட்டுக்கும் கட்டளை போக மூளைக்கு அவ்வளவு நேரம் தேவை. ஒற்றைச் சொல்லுக்கே 600 என்றால், முழுப் பதில் எப்படி 200இல் வரும்?

ஒரே வழிதான். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். 2015இல் சாரா போகல்ஸ் குழுவினர் வினாடி வினா கேட்டு, பதில் சொல்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். விடைக்கான துப்பு கேள்வியின் நடுவிலேயே வந்துவிட்டால், அடுத்த அரை நொடிக்குள் பதில் தயாரிப்பின் அறிகுறி தெரிந்தது. கேள்வி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு உரையாடலிலும், மிகப் பண்பான கேட்பவர்கூட, பாதிக் கேள்வியில் பதிலோடு வாசலில் நிற்கிறார். முடியும் கணத்தைக் கணித்து, அதுவரை அடக்கிவைத்திருக்கிறார். பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரர் அடக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இந்தக் கணிப்பு இன்னும் கடினமாக இருக்க வேண்டும். நம் வாக்கியத்தின் முடிச்சு கடைசியில் இருக்கிறது. “நாளைக்கு உங்கப்பா ஸ்கூலுக்கு வர...” என்பதுவரை கேட்டவருக்கு எதுவும் உறுதியில்லை. வரணும், வரக்கூடாது, வரலையா, வரப்போறாரா என்று கடைசி அசைகளில் எல்லாமே தலைகீழாகலாம். ஆனால் அந்தப் பத்து மொழிகளில் மிக விரைவாகப் பதில் வந்த ஜப்பானியமும் வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழிதான். காது வினைச்சொல்லுக்காக மட்டும் காத்திருப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கம், கண், கை, பேசும் இடம், பேசுபவரின் அவசரம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் முடிவை முன்னறிகிறது.

அந்தப் பத்தில் தமிழ் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அந்த ஆய்வில் பங்குகொண்ட லெவின்சன் 1970களில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கித் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்தவர். பெனலபி பிரவுனுடன் சேர்ந்து அவர் 1978இல் எழுதி, 1987இல் தனி நூலாக வந்த பணிவு பற்றிய கோட்பாடு, ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் சான்றுகளில் நிற்கிறது. யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்பதைச் சாதியும் அதிகாரமும் அந்த ஊரில் எப்படித் தீர்மானித்தன என்பதும் அதில் இருக்கிறது.

பேச்சில் முறை மாறுவதற்கு விதிகள் உண்டு என்று முதலில் துல்லியமாக எழுதியவர்கள் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் ஆகிய மூவர். அவர்களின் கட்டுரை 1974இல் வந்தது. பேசுபவர் அடுத்தவரைப் பெயர் சொல்லியோ பார்த்தோ அழைத்தால் முறை அவருக்கு. அழைக்காவிட்டால் முதலில் வாய் திறப்பவருக்கு. யாரும் திறக்காவிட்டால் பேசியவரே தொடரலாம். குரல்கள் மோதிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் வாக்கியம் முடிந்திருக்கக்கூடிய இடங்களே என்றும் காட்டினார்கள். நம் வீட்டிலேயே இதைக் கேட்கலாம். “எப்ப வந்தே...” என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று அத்தை “இப்பத்தான்” என்று தொடங்குவார். கேட்டவரோ “...அத்தை?” என்று ஒரு வாலைச் சேர்ப்பார். அத்தையும் இப்பத்தானும் முட்டிக்கொள்ளும். உறவுமுறையைக் கடைசியில் சேர்த்து அழைக்கும் நம் வழக்கத்தில் இது நாள் முழுக்க நடக்கிறது. யார்மீதும் தவறில்லை.

குரலின் இறக்கம் ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் சான்று. பேட்டிகளில் அவர் ஏன் அடிக்கடி இடைமறிக்கப்படுகிறார் என்று ஆராய்ந்த ஜெஃப்ரி பீட்டியும் கூட்டாளிகளும் 1982இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கருத்து முடியாத இடங்களிலும் அவர் குரல் முடிவுபோல் இறங்கியது. பேட்டியாளர் முடிந்ததென நம்பி உள்ளே நுழைந்தார். பேச்சைப் பிடுங்கியதாகப் பார்வையாளருக்குத் தோன்றியது. நடந்ததோ காதின் பிழை.

இனி இன்னொரு வகை. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மாமியாரைப் பற்றித் தொடங்கினால் அடுத்தவள் அதை முடிப்பாள், மூன்றாமவள் தன் வீட்டுக் கதையை அதன்மேலேயே ஏற்றுவாள். வெளியாள் கேட்டால் சண்டை என்பார். 1978இல் கலிஃபோர்னியாவில் ஆறு நண்பர்களின் விருந்துப் பேச்சைப் பதிவு செய்த டெபோரா டானன் இதையே அங்கு கண்டார். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசி அதை ஈடுபாடு என்று எண்ணினார்கள். மற்றவர்களுக்குத் தங்களைப் பேச விடவில்லை என்ற உணர்வு. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நம் வட ஆர்க்காட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். ராஜா வேஷம் பேசும்போது கட்டியங்காரன் குறுக்கே கேட்கும் கேள்விகளை எடுத்துவிட்டால் கூத்தில் பாதி போய்விடும்.

கதை கேட்பவர் கொட்டும் ‘உம்’ கூட இந்த இனம்தான். அது முறையைக் கேட்பதில்லை, தொடரச் சொல்கிறது. அது நின்றால் தொலைபேசியில் இருப்பவர் உடனே “கேக்குதா?” என்கிறார்.

தொலைபேசி என்றதும் வளைகுடாவில் வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக வந்த பழைய அழைப்புகள் நினைவு வரும். புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. 200 மில்லிநொடிக்குப் பழகிய மனிதர் அரை நொடி மௌனத்தைக் கேட்டதும் மறுபடி பேசத் தொடங்குவார்; அதே கணத்தில் அங்கிருந்து பதில் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள். “நீங்க சொல்லுங்க.” “இல்ல, நீ சொல்லு.” அன்புள்ள இருவர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். காரணம் ஒளியின் வேகம். வாட்ஸ்அப் அழைப்பு தாமதமாகும்போது இன்றும் அதே குழப்பம்தான்.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிஞ்சும் ஒன்று உண்டு. அது உண்மையான பறிப்பு: அதிகாரம் உள்ளவர் இல்லாதவரின் முறையை எடுத்துக்கொள்வது. 1975இல் டான் சிம்மர்மனும் கேண்டஸ் வெஸ்டும் ஆண், பெண் உரையாடல்களில் 48 இடைமறிப்புகளில் 46 ஆண்கள் செய்தவை என்று எழுதினார்கள். சிறிய பதிவுத் தொகுதி அது. பிறகு வந்த ஆய்வுகளில் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் மருத்துவமனையில் கண்டது பலமுறை உறுதியாகியிருக்கிறது. 1984இல் ஹோவர்டு பெக்மன், ரிச்சர்டு ஃபிராங்கல் இருவரும் அமெரிக்காவில் 74 நோயாளிச் சந்திப்புகளைப் பதிவு செய்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 நொடியில் மருத்துவர் இடைமறித்தார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 17 சந்திப்புகளில் மட்டுமே.

வேலூர் சி.எம்.சி.க்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நெமிலியிலிருந்து வண்டியேறிப் போகும் ஒரு பாட்டி நேராக வலியில் தொடங்கமாட்டார். திருவிழாவுக்கு மறுநாள், மருமகள் ஊருக்குப் போயிருந்தபோது, என்று தொடங்கித்தான் மார்பு வலிக்கு வருவார். 18 நொடியில் அவர் இன்னும் திருவிழாவில் இருப்பார்.

விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதையும் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். 14 மருத்துவர்கள் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டார்கள். சராசரியாக 92 நொடியில் நோயாளிகள் தாமாக நிறுத்தினார்கள். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர்; அந்த ஏழு பேரும் சொன்னது தேவையான தகவல்தான் என்று அவர்களின் மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள்.