மரபணுவும் நீரிழிவும்

நுழையும்முன்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு முகச்சாயலும் குரலும் வருவதுபோலச் சில நோய்களுக்கான சாய்வும் வருகிறது. அச்சாய்வு எவ்வளவு வலிமையுடையது? அதனைத் தடுத்து நிறுத்த இயலுமா? நீரிழிவு நோயை முன்வைத்து இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடையை விளக்குகிறது இப்பாடம்.

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே வில்லியனூர் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பகுதி ரெட்டியார்பாளையம். அது உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்டது. பெயரிலேயே உழவரைத் தாங்கிய அந்நகராட்சியில் இன்று கடைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளுமே மிகுதி. காலை வேளையில் குருதிப் பரிசோதனை நிலையங்களின் வாயிலில் வெறும் வயிற்றோடு காத்திருப்போரைக் காண்பது அங்கு அரிதன்று. அவர்களோடு துணைக்கு வரும் பிள்ளைகளின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு: “தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கும் வந்துவிட்டது, எனக்கும் வருமோ?”

இவ்வினா ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2008 முதல் 2020 வரை நாடெங்கும் ஓர் ஆய்வை நடத்தியது. 20 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். 2023ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. கோவாவில் அது 26.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. அதாவது, புதுச்சேரியில் வயதுவந்தோர் நால்வரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

ஓர் எழுத்தின் மாற்றம்

உண்ட உணவு செரித்துக் குளுக்கோசாகிக் குருதியில் கலக்கிறது. அதனைச் செல்களுக்குள் செலுத்தும் பணியைச் செய்வது கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் போதிய அளவு சுரக்காவிடினும், சுரந்த இன்சுலினுக்குச் செல்கள் இசையாவிடினும் குருதியில் குளுக்கோசின் அளவு உயர்ந்துகொண்டே போகும். பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு இவ்வாறே தோன்றுகிறது.

இன்சுலின் சுரப்பையும் அதன் செயலையும் நெறிப்படுத்துவதில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. மாந்தரின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன நூல் போன்றது. அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு மூலப்பொருள்களே அதன் எழுத்துகள். நூலைப் படியெடுக்கையில் ஓரிரு எழுத்துகள் மாறுவதுபோல, டி.என்.ஏ.யிலும் சில இடங்களில் மனிதருக்கு மனிதர் ஓர் எழுத்து மாறி அமைகிறது. இதனை மரபணு மாறுபாடு என்பர். பல மாறுபாடுகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில மட்டும் நோய்க்கான இடரைச் சிறிது கூட்டுகின்றன.

2006ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் பத்தாம் குரோமோசோமில் உள்ள டி.சி.எஃப்.7எல்2 என்னும் மரபணுவில் அத்தகைய மாறுபாட்டைக் கண்டறிந்தனர். அம்மரபணுவின் குறிப்பிட்டதோர் இடத்தில் சைட்டோசினுக்கு மாறாகத் தைமின் அமைந்தோருக்கு இன்சுலின் சுரப்புக் குறைகிறது. நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது. அடுத்த ஆண்டே இந்தியரிடமும் இத்தொடர்பு உறுதியாயிற்று. சென்னை மக்களிடம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும், புனே மக்களிடம் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இதனைக் கண்டன.

மக்கள் கூட்டத்தில் மரபணுவின் கணக்கு

ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவின் இரு பிரதிகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. எனவே, இடர் கூட்டும் மாறுபாடு ஒருவரிடம் இல்லாமலும் இருக்கலாம். ஒரு பிரதியிலோ இரு பிரதிகளிலுமோ இருக்கலாம். ஒரு பிரதி இருப்பின் இடர் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது; இரண்டும் இருப்பின் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

இரு மடங்கு என்றதும் அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். இந்திய மக்களிடம் உள்ள இம்மரபணுவின் 100 பிரதிகளில் ஏறத்தாழ 30 பிரதிகள் இடர் கூட்டுவன. இதன்படி 1000 பேரில் 490 பேரிடம் மாறுபாடு இராது. 420 பேரிடம் ஒரு பிரதியும் 90 பேரிடம் இரு பிரதிகளும் இருக்கும். மாறுபாடு அற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் வருவதாகக் கொண்டால், முதற்பிரிவில் 49 பேரும் இரண்டாம் பிரிவில் 59 பேரும் மூன்றாம் பிரிவில் 18 பேரும் நோயுறுவர். நோயுற்ற 126 பேரில் 49 பேரிடம் அந்த மாறுபாடே இல்லை. இரு பிரதிகளும் உடைய 90 பேரில் 72 பேருக்கு நோய் வரவில்லை.

இக்கணக்கிலிருந்து இரு உண்மைகள் புலனாகின்றன. தனியொருவரின் எதிர்காலத்தை ஒரு மரபணு மாறுபாட்டைக் கொண்டு கூற இயலாது. ஆயினும், பல இலட்சம் பேர் வாழும் மக்கள் கூட்டத்தில் அதே சிறு மாறுபாடு ஆயிரக்கணக்கானோரின் நோய்க்குத் துணைபுரிகிறது. இதுபோல நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தனி வலிமை மிகச் சிறிது.

தெரிந்து தெளிவோம்

ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரும் நீரிழிவும் உண்டு. மோடி எனப்படும் அவ்வகை இளம் வயதிலேயே தோன்றும். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாற்றம் செல்லும் வாய்ப்புச் சரிபாதி. இது அரிய வகை. இங்கு மரபணுப் பரிசோதனை பெரிதும் பயன்படும். ஏனெனில், மோடியின் சில பிரிவினருக்கு இன்சுலின் ஊசிக்கு மாற்றாக மாத்திரையே போதுமானது.

மரபணு மட்டுமே காரணமா?

டி.சி.எஃப்.7எல்2 மாறுபாடு ஐரோப்பியரிடமும் ஏறத்தாழ இதே அளவில் காணப்படுகிறது. ஆயினும், ஐரோப்பியரைவிட இந்தியருக்கு நீரிழிவு இளம் வயதிலேயே வருகிறது. உடற்பருமன் மிகாத நிலையிலும் வருகிறது. எனவே, இம்மாறுபாடு ஒன்றைக் கொண்டு இந்தியரின் நிலையை விளக்க முடியாது.

காலமும் இதற்குச் சான்றாகிறது. சென்னை நகரில் வயதுவந்தோரிடையே 1989ஆம் ஆண்டு 8.3 விழுக்காடாக இருந்த நீரிழிவு, 2004ஆம் ஆண்டு 14.3 விழுக்காடாக உயர்ந்தது. மரபணுக்களின் இயல்பு மாறப் பல தலைமுறைகள் வேண்டும். 15 ஆண்டுகளில் ஒரு நகரத்து மக்களின் மரபணுக்கள் மாறிவிடா. மாறியவை உணவும் உழைப்பும். நடந்த தொலைவை வண்டி எடுத்துக்கொண்டது. வயலிலும் தறியிலும் இயங்கிய உடல் நாற்காலியில் அமர்ந்தது. தீட்டிய வெள்ளரிசியும் இனிப்பூட்டிய பானங்களும் நாள்தோறும் பெருகின.

இடமும் சான்று கூறுகிறது. வட அமெரிக்காவின் பழங்குடியினரான பிமா மக்களில் ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு பிரிவினர் மெக்சிகோவின் மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். இரு பிரிவினரும் மரபால் நெருங்கிய உறவினர். 2006இல் வெளியான ஆய்வின்படி, நகர வாழ்க்கை முறைக்கு மாறிய அரிசோனாப் பிரிவினரில் 38 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உழவும் உடலுழைப்பும் தொடர்ந்த மெக்சிகோப் பிரிவினரிடம் அது 6.9 விழுக்காடே. விதை ஒன்றே, நிலம் வேறானதால் விளைச்சலும் வேறாயிற்று.

கருவறையும் அத்தகையதொரு நிலமே. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று உண்டு. புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; சவுதாம்ப்டன் குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. தசை குறைந்திருந்த அளவுக்குப் புனேக் குழந்தைகளிடம் கொழுப்புக் குறையவில்லை. எனவே, தாயின் ஊட்டநலத்தைப் பேணுவதும் நீரிழிவுத் தடுப்பின் ஒரு பகுதியாகிறது.

கையில் உள்ள பங்கு

சென்னையில் 26,001 பேரிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு, இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் என்னும் எளிய அளவுகோல் 2005இல் உருவாக்கப்பட்டது. குருதியோ மரபணுப் பரிசோதனையோ இதற்கு வேண்டா; ஓர் அளவுநாடா போதும். மொத்த மதிப்பெண் 100. வயதுக்கு உச்ச அளவாக 30, குடும்ப வரலாற்றுக்கு 20, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30 மதிப்பெண்கள். 60 அல்லது அதற்கு மேல் பெறுவோர் மிகுந்த இடருடையோர்.

இப்பகுப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெற்றோர் இருவருக்கும் நோய் இருப்பினும் குடும்ப வரலாறு தருவது 20 மதிப்பெண்ணே. வயதையும் பிறப்பையும் எவராலும் மாற்ற இயலாது. ஆனால், இடுப்புச் சுற்றளவும் உடலுழைப்பும் சேர்ந்த 50 மதிப்பெண்கள் அவரவர் வாழ்முறையைச் சார்ந்தவை.

வாழ்முறை மாற்றத்தின் பயனை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வும் மெய்ப்பித்தது. நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்த பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்றதோர் ஆய்வு, டி.சி.எஃப்.7எல்2 மாறுபாட்டின் இரு பிரதிகளையும் உடையோரும் வாழ்முறை மாற்றத்தால் பயனடைந்தனர் என்று காட்டியது.

வாழ்முறை என்பது தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. நடப்பதற்கு நடைபாதையும் விளையாடுவதற்குத் திடலும் எட்டும் விலையில் காய்கறியும் சிறுதானியமும் ஊரில் இருத்தல் வேண்டும். இவை அமைந்த ஊரில் மரபின் சாய்வு வலுவிழக்கும்.

ரெட்டியார்பாளையத்துப் பிள்ளையின் வினாவுக்கு அறிவியல் தரும் விடை இதுவே. தந்தையின் நோய், மகனுக்கும் மகளுக்கும் முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. எச்சரிக்கை பெற்றவர் உரிய வயதில் குருதியைச் சோதிக்கலாம். இன்றே நடக்கத் தொடங்கலாம். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டலாம். மரபணுவில் எழுதப்பட்டதை அழிக்க முடியாது. ஆனால், நோயின் வருகையைத் தள்ளிப்போடவும் பலருக்குத் தவிர்க்கவும் முடியும்.

கற்பவை கற்றபின்

1. இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணின் நான்கு கூறுகளுள் மாற்றத்தக்கவை எவை, மாற்ற இயலாதவை எவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

2. ‘விதை ஒன்றே, நிலம் வேறானதால் விளைச்சலும் வேறாயிற்று’ – பிமா மக்களின் வாழ்வைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

3. உங்கள் தெருவில் நடைபயிற்சிக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற இடங்கள் உள்ளனவா என ஆராய்ந்து, நகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.