மலையவர் சாட்சியம்

சித்திரைப் பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து செல்லும் அன்பர்கள், லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறுகின்றனர். கண்ணகி விண்ணுலகேகியதைக் கண்டவர் மலைக்குறவர் என்றும், அவர்கள் வந்து கூறிய செய்தியே சேரன் செங்குட்டுவன் கோயில் எடுப்பதற்குத் தொடக்கமாயிற்று என்றும் சிலப்பதிகாரம் கூறும். அன்று மலையவர் வாய்மொழி மன்னனிடம் செல்லுபடியாயிற்று. இன்று அதே மலையடியில் வாழும் பளியர்கள், இது எம் முன்னோர் வாழ்ந்த காடு என்று கூறினால், அச்சொல் செல்லுபடியாக வேண்டாமா?

கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த இம்மக்களிடம் பட்டாவோ பத்திரமோ இருந்ததில்லை. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் சர்க்காரின் காப்புக்காடுகளாயின. தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலைச்சரிவுகள் திருத்தப்பட்டன. 1895-இல் நிறைவேறிய பெரியாறு அணையின் நீரில் மலைக்காட்டின் ஒரு பகுதி மூழ்கியது. காட்டுக்கு உரியவர் பலர் தோட்டக் கூலிகளாயினர்.

அந்த அணை நீரே மலையைக் குடைந்த வழியாக லோயர் கேம்ப்பில் இறங்கி, மின்சாரம் தந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கின்றது. அணை கட்டிய பென்னிகுவிக்குக்கு 2013-இல் அங்கே மணிமண்டபம் எழுந்தது, நன்று. காட்டை இழந்தவர்க்கும் நாம் கடன்பட்டவர்கள் அல்லவா?

அக்கடனைத் தீர்க்க வழி வகுத்தது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஆயினும் தமிழ்நாட்டில் 2008-இல் பிறந்த நீதிமன்ற ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டு, 2016-இல்தான் அத்தடை நீங்கியது. 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலியைக் காப்பது அவசியமே. ஆனால் உரிமைகளை ஆராய்ந்து முடிக்கும்வரை வனவாசிகளை வெளியேற்றலாகாது என்பதும் சட்டமே.

உரிமை கொடுத்தால் காடு அழியும், நம் வாய்க்கால் வற்றும் என்று அங்கத்தினர் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டாம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அனுபவித்துவரும் நிலத்துக்கே உரிமை உண்டு. அதுவும் 4 ஹெக்டேருக்கு மேற்படாது. அதனை விற்கவும் இயலாது. காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் அச்சட்டம் கிராம சபைக்கு அளிக்கிறது.

நாம் செய்யத்தக்கவை இரண்டு. உரிமை கோருவோர் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் காட்ட வேண்டும். பழைய குடிசை, கிணறு, இடுகாடு, தெய்வம் உறையும் இடம் ஆகியவை சான்றாகும். கோருபவரல்லாத முதியோர் கூறி எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் சான்றாகும். இளமை முதல் இம்மக்களைக் கண்டறிந்த முதியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முன்வந்து கண்டதைக் கூறட்டும்.

மற்றொன்று வியாபாரம். நூலுக்கும் முன்பணத்துக்கும் முதலாளியை அண்டி நின்ற நாட்களை நெசவாளர் மறந்திருக்கமாட்டார்கள். சங்கமே நம்மை மீட்டது. கொல்லிமலை, கல்வராயன்மலை ஆகிய இடங்களில் மலைவாழ் மக்களுக்குப் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. பளியர் கொணரும் தேனுக்கும் சரியான எடையும் உடனடி ரொக்கமும் கிடைக்க நம் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம்.

மலையவர் சொல்லுக்கு அன்று மன்னன் செவி சாய்த்தான். இன்று அவர்களுக்காகச் சாட்சி சொல்வது நம் முறை.