உங்களுக்குத் தெரியுமா? வெளியே நின்றே காக்கும் வைட்டமின் சி

வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் தண்ணீரில் கரைவது. செல் சவ்வின் கொழுப்புக்குள் அதனால் புக முடியாது. ஆனாலும் அந்தக் கொழுப்பு கெடாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு!

• சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். உள்ளே காவல் நிற்பது வைட்டமின் ஈ. ஏறத்தாழ ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. கொழுப்பைத் தாக்கும் ஃப்ரீ ரேடிக்கலுக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை நிறுத்தும். அத்தோடு அதன் சக்தி தீர்ந்தது. அப்போது சவ்வின் ஓரத்தில், நீர்ப்பக்கம் நிற்கும் வைட்டமின் சி அதற்கு மறுபடி ஹைட்ரஜன் தந்து மீட்டுவிடுகிறது. எவ்வளவு அழகான கைமாற்று! ஆய்வகத்தில் இது நேரடியாகப் பதிவானது 1979-ல்.

• இதையெல்லாம் சோதிக்க உயிருள்ள செல் வேண்டியதில்லை. முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினை மெல்லிய படலமாக உலர்த்தி, தண்ணீர் விட்டுக் குலுக்கினால் தானாகவே நுண்குமிழ்கள் உருவாகும். இவைதான் லிப்போசோம்கள். 1960-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பேப்ரஹாமில் இவற்றைக் கண்டறிந்தவர் அலெக் பேங்காம்.

• வைட்டமின் சி-யின் கூடவே கட்டற்ற இரும்பு அயனி இருந்தால் கதை தலைகீழ். வைட்டமின் சி இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தூண்டிவிடும்; லிப்போசோமின் கொழுப்பு பழைய எண்ணெய் போலச் சிக்கடிக்கத் தொடங்கும். சவ்வுக் கொழுப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் சோதனைகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதே ஜோடியைத்தான்.